வீட்டிலேயே ஜெபிக்கிறேன், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை கோயில் எதற்கு?

கோட்டையூர்த் தம்பி ஒருவர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் கத்தோலிக்கர், மனைவி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). கம்ப்யூட்டர் வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. தினமும் காலையில் இருவரும் பைபிள் வாசித்து ஜெபிக்கிறார்கள். கொரோனா காலத்தில் போனில் திருப்பலி, அதாவது பூசை, பார்க்க ஆரம்பித்து, அதுவே இன்றுவரை பழக்கமாகிவிட்டது. "கோயிலுக்குப் போனால் பக்கத்தில் போன் அடிக்கிறது, பிரசங்கத்தில் பாதி கட்டட நிதி, வாசலில் நின்றால் சாதிப் பேச்சு. வீட்டில்தான் எனக்கு மனம் ஒன்றுகிறது. அப்புறம் ஏன் சார் கூடித்தான் வழிபட வேண்டும்? போவதென்று வைத்துக்கொண்டாலும் நாங்கள் இரண்டு பேரும் எந்தக் கோயிலுக்குப் போவது?" இதுதான் கேள்வி.

தம்பி, நீங்கள் சொன்ன குறை எதையும் நான் மறுக்கப் போவதில்லை. தேவகோட்டையில் பல வருடம் பள்ளி ஆசிரியராக இருந்து, ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்தவன் நான். நீங்கள் சொன்னதைவிடக் கூடுதலாகவே பார்த்திருக்கிறேன். அடுப்பிலிருந்து வெளியே எடுத்த கரித்துண்டு அணைந்துபோகும் என்கிற பிரசங்கக் கதையையும் சொல்ல மாட்டேன். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. மேலும் அந்தக் கதை, கூடி வழிபடுவது என்னுடைய பக்தியைச் சூடாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு என்கிற எண்ணத்தைத்தான் வளர்க்கிறது. உங்களுக்கு வீட்டிலேயே சூடு இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கதையில் உங்களுக்குப் பதில் இல்லை.

என் பதில் வேறு. கிறிஸ்தவ வாழ்க்கையில் சில காரியங்களை ஒருவர் தனக்குத்தானே செய்துகொள்ள முடியாது. மன்னிப்பு அப்படி ஒன்று. அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து இன்னொன்று. மனஸ்தாபம் தீர்ப்பது, ஜெபிக்கவே முடியாத நாளில் இன்னொருவர் ஜெபத்தில் தொங்கிக்கொண்டு வருவது, இவையும்தான். இதற்கெல்லாம் இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளும் நாம் பார்த்துப் பொறுக்கி எடுத்தவராக இருக்கக்கூடாது என்பதுதான் சிக்கலே.

நீங்கள் தனி ஜெபத்துக்கு ஆதாரமாக மத்தேயு 6ஆம் அதிகாரத்தைக் காட்டியிருந்தீர்கள். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபி என்று இயேசு சொன்ன இடம். சரிதான். அவரே விடியற்காலையில் தனியிடம் தேடிப் போனவர். ஆனால் லூக்கா 4ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தம் வழக்கப்படியே ஓய்வுநாளில் ஜெபக்கூடத்துக்குப் போனார் என்று இருக்கிறது. எந்த ஜெபக்கூடம்? நாசரேத்தில், சொந்த ஊரில். அன்றைக்கு அங்கே என்ன நடந்தது என்றால், அவர் பேசியது பிடிக்காமல் ஊரார் எழுந்து, மலை விளிம்புவரை தள்ளிக்கொண்டு போய்க் கீழே உருட்டிவிடப் பார்த்தார்கள். கோயில் கூட்டத்தால் மனம் நொந்தவர் என்றால் அவரைவிட வேறு யார்? இரண்டு வசனம் தள்ளிப் பாருங்கள்: கப்பர்நகூமுக்குப் போய், ஓய்வுநாளில் மறுபடியும் மக்களுக்குப் போதித்துக்கொண்டிருக்கிறார். ஜெபக்கூடத்தின் குறை அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் போனார்.

அவருக்குப் பின்வந்தவர்களும் அப்படித்தான். கி.பி. 112 வாக்கில், இன்றைய வடக்குத் துருக்கிப் பகுதியில் ரோம ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் என்று பிடிபட்டவர்களை விசாரித்ததில் தெரிந்ததைச் சொல்கிறார்: குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்து மாறி மாறிப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், நம்பி ஒப்படைத்ததை மறுக்க மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பிறகு மறுபடியும் கூடிச் சாதாரண உணவைச் சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான். கிறிஸ்தவர்கள் அல்லாத ஒருவர் எழுதிய, மிகப் பழைய சாட்சியங்களில் இது ஒன்று. அதில் அவர்களை அடையாளம் காட்டுவது கூடுகைதான், பாருங்கள்.

155 வாக்கில் ரோமில் யுஸ்தீன் என்ற மறைசாட்சி எழுதி வைத்த விவரம் இன்னும் தெளிவு. நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஞாயிறன்று ஓரிடத்தில் கூடுவார்கள். நேரம் இருக்கும் வரை திருத்தூதர்களின் நினைவுக் குறிப்புகளோ இறைவாக்கினர் எழுத்துகளோ வாசிக்கப்படும். தலைவர் பேசுவார், எல்லாரும் எழுந்து மன்றாடுவார்கள், அப்பமும் ரசமும் கொண்டுவரப்படும். வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் எடுத்துப் போய்க் கொடுப்பார்கள். வசதியுள்ளவர்கள் தருவதிலிருந்து அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் எல்லாருக்கும் உதவி போகும். காரைக்குடி செக்காலைச் சகாய மாதா கோயிலில் போன ஞாயிறு நடந்ததும் ஏறக்குறைய இதே வரிசைதான். ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகியும் எலும்புக்கூடு மாறவில்லை.

304இல் வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியாவில், அபிதினா என்ற ஊரில் 49 பேரைப் பிடித்தார்கள். குற்றம் இதுதான்: தடையை மீறி ஞாயிறன்று ஒரு வீட்டில் கூடியது. விசாரணையில் ஏன் கூடினீர்கள் என்று கேட்டபோது, ஆண்டவருடைய அந்தக் கூடுகை இல்லாமல் எங்களால் இருக்க முடியாது என்றார்கள். அவர்கள் வீட்டில் இருந்தபடி தனியாக ஜெபித்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, உயிரும் தப்பியிருக்கும். அரசுக்கு அவர்களுடைய தனிப்பட்ட பக்தி ஒரு பொருட்டே இல்லை.

இனி நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். செட்டிநாட்டில் வளர்ந்த உங்களுக்குப் புள்ளி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நகரத்தாரில் கல்யாணம் ஆனதும் அந்தக் கணவன் மனைவி கோயிலில் ஒரு புள்ளி. இளையாத்தங்குடியோ மாத்தூரோ பிள்ளையார்பட்டியோ, ஒன்பது கோயிலில் எந்தக் கோயிலோ அங்கே பெயர் எழுதப்படும், புள்ளி வரி வரும். ஆள் பர்மாவில் இருந்தாலும் மலாயாவில் இருந்தாலும் கணக்கு இங்கேதான். போன இடத்திலும் சும்மா இல்லை. கடை போட்ட ஊரில் தண்டாயுதபாணிக்கும் ஒரு கோயில் எழுப்பினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859இல் எழுந்தது. எனக்கு எவ்வளவு பக்தி இருக்கிறது என்று அந்த ஏட்டில் யாரும் குறிப்பதில்லை. நான் இந்தக் கூட்டத்தின் கணக்கில் இருக்கிறேனா என்பதுதான் அங்கே கேள்வி. நாம் தனிமனிதர்களாக இருந்து பிறகு விருப்பப்பட்டுக் கூட்டத்தில் சேர்கிறோம் என்கிற எண்ணம் இந்த மண்ணுக்கு அன்னியம்.

திருத்தூதர் பவுல் சொல்லும் 'ஒரே உடல், பல உறுப்புகள்' என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கப் புள்ளிக் கணக்கு எனக்கு ரொம்பவே உதவியது. ஞானஸ்நானத்தில் நம் பெயர் ஒரு கணக்கில் ஏறுகிறது. பங்கின், அதாவது நம் கோயில் வட்டாரத்தின், ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டுமல்ல, இந்த மனிதர்களுடைய பொறுப்பிலும் ஏறுகிறது. ஒரு ஞாயிறு வரவில்லை என்றால், எங்கே காணோம் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. நமக்கும் அந்த உரிமை உண்டு. போன் திரையில் திருப்பலி பார்க்கும்போது, நீங்கள் பார்க்கவில்லை என்றால் யார் கவனிப்பார்கள்? பார்த்தவர் எண்ணிக்கையில் ஒன்று குறையும், அவ்வளவுதான்.

ஆனால் இந்த ஒப்பீடு ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. நின்றுவிட வேண்டும். நகரத்தார் புள்ளி பிறப்பாலும் கல்யாணத்தாலும் வருவது. அது அவர்களுடைய மரபு, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கிறிஸ்தவப் புள்ளி தண்ணீரில் வருவது. யூதரென்றும் கிரேக்கரென்றும் இல்லை, அடிமையென்றும் உரிமைக் குடிமகனென்றும் இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசும்போதுதான். அங்கே யாரும் அப்பன் பெயரைச் சொல்லி உள்ளே வருவதில்லை. இதை வைத்துத்தான் உங்கள் சாதிப் புகாருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு முன், பவுல் கடிதம் எழுதிய கொரிந்து நகரச் சபையைப் பார்த்துவிடுவோம். அந்தக் காலத்தில் கோயில் கட்டடம் கிடையாது, வீடுகளில்தான் கூடினார்கள். வசதியான ஒருவருடைய வீடாக இருக்க வேண்டும், அப்போதுதான் இடம் போதும். ரோமர் காலத்துப் பெரிய வீட்டில் உள்ளே ஒரு விருந்து அறை, அதில் கொஞ்சம் பேர்தான் சாய்ந்து உட்கார முடியும்; மற்றவர்களுக்கு நடு முற்றம். கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கத்துப் பெரிய வீட்டில் விசேஷத்துக்குப் போனவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: முகப்பில் யார், வளவில் யார், இரண்டாம் கட்டுக்குள் யார், முதல் பந்தி யாருக்கு என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே முடிவாகியிருக்கும். கொரிந்திலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நேரமிருக்கிற பணக்காரர்கள் முன்னாலேயே வந்து சாப்பிட்டுக் குடித்து முடித்துவிட்டார்கள். வேலை முடிந்து வந்த கூலிக்காரர்களும் அடிமைகளும் பசியோடு நின்றார்கள். அப்புறம் எல்லாருமாகச் சேர்ந்து ஆண்டவருடைய திருவிருந்து!

பவுல் என்ன சொன்னார்? முதல் கொரிந்தியர் 11ஐப் பாருங்கள். நீங்கள் கூடிவருவது நன்மையைவிடத் தீமையையே தருகிறது என்கிறார். நீங்கள் உண்பது ஆண்டவருடைய விருந்தே அல்ல என்கிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். சரி, அதனால் கூடுவதை விட்டுவிடுங்கள், அவரவர் வீட்டில் அப்பம் பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னாரா? இல்லை. கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றார். அதிகாரம் முடிகிற இடத்தில் அவர் தரும் தீர்வே அதுதான். பவுல் எழுதியதில் எனக்கு மிகப் பிடித்த வரிகளில் அது ஒன்று. இறையியல் விளக்கம் ஒன்றும் இல்லை, சாப்பிட உட்காருமுன் மற்றவர் வரட்டும், அவ்வளவுதான்.

தமிழ்க் கிறிஸ்தவம் இந்த அதிகாரத்தைப் படித்துக்கொண்டே மீறியிருக்கிறது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயில், பேன்ட் மாதிரி இரண்டு கால் விரித்து நிற்கும். ஒரு சாதிக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு மறு பக்கம், நடுவில் சுவர், இரண்டும் சந்திக்கிற இடத்தில் பீடம். 1910இல்தான் அந்தச் சுவரை இடித்தார்கள். அது பழங்கதை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. தனிக் கல்லறை, தனித் தேர்ப்பாதை, மண்டகப்படியில் யாருக்கு உரிமை என்ற தகராறு, இவை இன்றும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. பிறப்பைப் பார்த்து இடம் ஒதுக்கும் கோயில், ஞானஸ்நானத் தொட்டியை மூடி வைத்துவிட்ட கோயில். இதைச் சொல்வதற்கு எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். உங்களுக்கு அந்தச் சாதிப் பேச்சு ஏன் சுட்டது? டீக்கடையில் கேட்டிருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது. அதே வாசலில் சற்று முன்பு எல்லாரும் ஒரே அப்பத்தில் பங்குகொண்டிருக்கிறார்கள். வழிபாடு என்று ஒன்று நடந்ததால்தான் அந்தப் பேச்சு பொய் என்று தெரிகிறது. வடக்கன்குளத்துச் சுவரைத் தவறு என்று சொல்லவைத்ததும் அந்தப் பீடம்தான். நீங்கள் வீட்டில் இருந்துவிட்டால் உங்கள் மனம் சுத்தமாக இருக்கும், உண்மை. வாசலில் அந்தப் பேச்சுக்கு மறுபேச்சுச் சொல்ல ஆள் குறைந்துபோகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சபையிலேயே அவமானப்பட்டவர்கள், துன்புறுத்தப்பட்டவர்கள், சாதியின் பேரில் ஒதுக்கப்பட்டவர்கள், இவர்களிடம் போய் 'பொறுத்துக்கொண்டு வா' என்று சொல்கிற அதிகாரம் எனக்கும் இல்லை, எந்த ஃபாதருக்கும் இல்லை. அவர்கள் வேறு பங்குக்குப் போகட்டும், சில காலம் விலகி நிற்கட்டும். அப்போது தேடிப் போக வேண்டியது சபையின் கடமை. நான் பேசுவது உங்களுக்கு, தம்பி. உங்களுக்கு நேர்ந்தது எரிச்சல். காயம் வேறு.

அடுத்து, விசுவாசத்தைச் சுமப்பது. மாற்கு 2இல் முடக்குவாதக்காரனை நாலு பேர் கட்டிலோடு தூக்கிவந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு பார்த்தது அவனுடைய விசுவாசத்தை என்று எழுதவில்லை. அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டு என்று இருக்கிறது. அவனுக்கு விசுவாசம் இருந்ததா இல்லையா என்பதே கதையில் இல்லை. உங்களுக்கு இப்போது காலை ஜெபம் இனிக்கிறது. நல்லது. எனக்கு வேண்டியவர் ஒருவர், மனைவி இறந்த பிறகு பல மாதம் வாய் திறந்து பாட முடியாமல் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பார். விசுவாச அறிக்கை சொல்லும்போது எழுந்து நிற்பார், அவ்வளவுதான். சுற்றியிருந்த நாங்கள் 'நம்புகிறேன்' என்று சொன்னதில் அவருடைய பங்கும் இருந்தது. அந்த ஞாயிறுகளில் என்னைப் போன்ற சராசரிப் பக்தனுக்கு ஒரு வேலை இருந்தது என்பதே எனக்கு அப்புறம்தான் உறைத்தது. உங்களைப் போல மனம் ஒன்றி ஜெபிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்துவிட்டால், அவருக்குப் பக்கத்தில் யார் நிற்பது?

சங்கீதங்களும் இதைத்தான் பழக்குகின்றன. நூற்றைம்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது புலம்பல். உங்களுக்கு சம்பள உயர்வு வந்த வாரத்தில், 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று பதிலுரையாகப் பாட வேண்டியிருக்கும். அது உங்கள் பாட்டு அல்ல, மூன்றாவது பெஞ்சில் இருக்கிறவருடைய பாட்டு. வீட்டில் நாமே தேர்ந்தெடுத்தால் நம் மனநிலைக்கு ஏற்ற பாட்டைத்தான் போடுவோம். யூடியூபும் அதையே எடுத்துக் கொடுக்கும்.

சமாதானம் கூறுவதைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன், உங்கள் மனைவி சந்தோஷப்படுவார். 1947 செப்டம்பரில் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950இல் அவர்கள் கொண்டுவந்த திருவிருந்து வழிபாட்டு முறையில், கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து எடுத்து, கையோடு கை வைத்துச் சமாதானத்தை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கடத்தும் முறையைச் சேர்த்தார்கள். உலகத்தின் பல சபைகளில் வழிபாட்டைத் திருத்தி எழுதியவர்கள் அந்த முறையைக் கவனித்துப் படித்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் திருவழிபாட்டு ஏட்டை வெளியிட்டு, மக்கள் வெறும் பார்வையாளராக இல்லாமல் முழுமையாக, உணர்ந்து, செயலோடு பங்கேற்க வேண்டும் என்றது. தாய்மொழிக்கும் வழி திறந்தது. அதற்கு முன் லத்தீனில் பூசை நடக்க, பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் இருந்தவர்கள் கண்ணில், இன்றைக்கு நாம் போனில் பார்ப்பது பழையபடி வேடிக்கை பார்ப்பதாகத்தான் தெரியும்.

நம் கோயில்களில் அந்த நேரத்தில் பெரும்பாலும் கைகூப்பி நாலு பக்கமும் ஒரு வணக்கம் போட்டுவிடுகிறோம். தெரிந்த முகமாகப் பார்த்துப் போடுகிறவர்களும் உண்டு. மத்தேயு 5இல் உள்ளபடி செய்வதென்றால் வேறு: பீடத்தில் காணிக்கை வைக்க வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு. இடத் தகராறில் பேசாத சித்தப்பா அடுத்த வரிசையில் நிற்கிறார். திரையில் அவர் தெரிய மாட்டார். கோயிலில் திரும்பினால் முகத்துக்கு நேரே நிற்பார். 'இரண்டு மூன்று பேர் என் பெயரால் கூடியிருக்கும் இடத்தில்' என்ற வசனத்தைச் சின்னக் கூட்டத்துக்கு ஆறுதலாகச் சொல்கிறோமே, மத்தேயு 18இல் அது வருவதும் குற்றம் செய்த சகோதரனை எப்படித் திரும்ப வெல்வது என்ற பேச்சின் முடிவில்தான்.

போனில் பார்ப்பது கணக்கில் சேருமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். கத்தோலிக்க ஒழுங்கில் ஞாயிறு கடன், அதாவது ஞாயிறு பூசைக்கு வரவேண்டிய கடமை, நேரில் பங்கேற்பதால்தான் நிறைவேறும். நோயாளி, முதியவர், கைக்குழந்தையைப் பார்க்க வேண்டியவர் போன்றவர்களுக்குத் தக்க காரணம் இருப்பதால் அந்தக் கடனே இல்லை. ஆகவே படுக்கையில் இருக்கும் பாட்டி திரையில் பார்ப்பது நல்ல பக்தி. கடனைக் கழிக்க அல்ல, ஏங்கிப் பார்க்கிறார். அவருக்கு யுஸ்தீன் காலம்போலவே, பூசையில் தரும் அப்பமான நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுபோக வழி இருக்கிறது, பங்குத் தந்தையிடம் சொன்னால் போதும். 2020இல் கோயில்கள் பூட்டிக் கிடந்தபோது ஆயர்களே கடனிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். அது நெருக்கடிக் கால ஏற்பாடு. நெருக்கடி முடிந்த பிறகும் பந்திக்கு வராமல் படம்பிடித்து அனுப்பச் சொல்வது சரியாக இல்லை.

பிரசங்கம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பல பிரசங்கங்கள் சுமார்தான். கட்டட நிதிக்கு அறிவிப்பு நேரம் இருக்கிறது, அதைப் பிரசங்கத்தில் கலக்கக்கூடாது என்று பங்குப் பேரவையில் எழுந்து சொல்லலாம். நான் சொல்லியிருக்கிறேன், ஓரளவு பலன் உண்டு. கொடுக்கிறவருடைய திறமையையோ தகுதியையோ பொறுத்து ஞானஸ்நானம், நற்கருணை போன்ற அருட்சாதனம் ஏறி இறங்குவதில்லை என்பதை, கி.பி. 400 வாக்கில் ஆயராக இருந்த அகுஸ்தீன் காலத்திலேயே பேசி முடித்துவிட்டார்கள்.

நம் பகுதியில் ஃபாதரே இல்லாமல் கூடிய காலமும் உண்டு. போர்த்துக்கீசிய மறைப்பணியாளர் அருளானந்தர் நடமாடிய மறவர் சீமையில், ஒரு சாமியார் வந்து போனால் அடுத்து எப்போது வருவார் என்று தெரியாது. ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் நடுவே காடு, மேலே ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் தடை வேறு. அவர் 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் பாம்பாற்றங்கரையில் வெட்டுப்பட்டதும், அரச குடும்பத்துத் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றதன் தொடர்ச்சிதான். அப்படிப்பட்ட நாளில் ஊர்களில் விசுவாசம் எப்படித் தங்கியது? உபதேசியார் ஒருவர் ஓலைக் கொட்டகையில் ஆட்களைக் கூட்டி, மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்து, சேர்ந்து சொல்லவைத்தார். வாசிக்கத் தெரியாத மக்கள். தனியாகப் பைபிளை எடுத்துப் படிக்கும் வசதி அவர்களுக்குக் கிடையாது. நீங்களும் நானும் இன்று தனியாக ஜெபிக்கும் வார்த்தைகள் அப்படிக் கூடிச் சொன்னவர்கள் வழியாகத்தான் நமக்கு வந்தன. இன்றும் திருச்சபைச் சட்டம் அதையே சொல்கிறது: குரு இல்லாமல் திருப்பலி நடக்காவிட்டால், இறைவார்த்தை வழிபாட்டிலோ குடும்பங்களாகச் சேர்ந்த ஜெபத்திலோ நேரம் செலவிடுங்கள் என்று. உங்கள் தெருவில் அன்பியம், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டம், நடந்தால் மாதம் ஒரு முறையாவது போங்கள். கோயிலைவிட அங்கே தப்பிக்க வழி குறைவு, பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள்.

காரைக்குடிப் பங்குகளில் எனக்குப் பிடித்ததே அந்தக் கலவைதான். ஓரியூர், சருகணிப் பக்கத்துத் தலைமுறைக் கிறிஸ்தவர்கள், மின்வேதியியல் ஆய்வகத்துக்கும் அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் வேலைக்கு வந்த நாகர்கோவில், தூத்துக்குடிக்காரர்கள், நர்ஸ்கள், காய்கறிக் கடைக்காரர்கள். இவர்கள் வேறு எந்த இடத்திலும் ஒரே வரிசையில் நிற்க மாட்டார்கள். நல்ல பாட்டுக் குழு எங்கே, சின்னப் பிரசங்கம் எங்கே என்று ஞாயிறுதோறும் கோயில் மாற்றினால் இது கிடைக்காது. ஒரே கோயில், ஒரே நேரப் பூசை என்று ஒரு வருடம் போங்கள். முடிந்ததும் உடனே வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வாசகம் வாசிக்கவோ பெஞ்சு துடைக்கவோ ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். பக்கத்தில் போன் அடித்தால் அடிக்கட்டும்.

கடைசியாக, எந்தக் கோயில். இதற்கு ஒப்பனையில்லாமல் சொல்ல வேண்டும். உங்கள் மனைவியின் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை முழுதாக ஏற்கிறது. அது மறுபடி கொடுக்கப்படுவதில்லை. ஆனால் திருவிருந்தில் இன்னும் ஒன்றுபடவில்லை. சி.எஸ்.ஐ. பொதுவாகப் பிற சபைகளில் திருவிருந்து பெறுகிறவர்களை வரவேற்கும். கத்தோலிக்க ஒழுங்கு, நீங்கள் அங்கே அதைப் பெற அனுமதிப்பதில்லை. அவருக்கு இங்கே கொடுப்பதும் மிக அரிதான சூழலில்தான். குழந்தைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்தவரை முயல்வேன் என்று கல்யாணத்தின்போது நீங்கள் வாக்குக் கொடுத்திருப்பீர்கள். அது அவருக்கு என்ன மனநிலையைத் தந்தது என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

நான் சொல்வது இது. ஞாயிறு காலை நீங்கள் உங்கள் பூசைக்குப் போங்கள், மனைவியும் விரும்பினால் கூட வரட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறாவது அவருடைய ஆராதனைக்கு நீங்கள் போய் உட்காருங்கள், பாமாலையும் கீர்த்தனையும் சேர்ந்து பாடுங்கள். அங்கே திருவிருந்து நேரத்தில் நீங்களும், இங்கே நற்கருணை நேரத்தில் அவரும் பெஞ்சிலேயே இருப்பது சங்கடமாக இருக்கும். யாராவது ஏன் என்று கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள். சபைகள் பிரிந்திருப்பதன் வலி புத்தகத்தில் இருப்பதைவிட உங்களைப் போன்ற வீடுகளில்தான் இருக்கிறது. அதை மறைத்து வீட்டிலேயே இருந்துகொண்டால் யாருக்கும் அது தெரியாமலே போகும். பங்குத் தந்தையையும் அவர்கள் சபைப் போதகரான ஐயரையும் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குச் சேர்த்துக் கூப்பிடுங்கள். சபை ஒன்றிப்பு வாரம் வருடாவருடம் ஜனவரி 18 முதல் 25 வரை. இரண்டு கோயிலும் சேர்ந்து ஒரு மாலை ஜெபம் வைக்க முடியுமா என்று சாப்பிடும்போதே கேட்டுவிடுங்கள்.